ஆன்டிபயாட்டிக்: எத்தனை மில்லிகிராம் என்று எழுதுவதற்கு முன்னால்

கீழே தமிழ்நாட்டில் கம்பம், கூடலூர், மேலே கேரளத்தில் குமுளி, வண்டன்மேடு என்று மலைக்கு மேலும் கீழும் ஒரே ஜனம்தான் போய் வந்துகொண்டிருக்கிறது. காலையில் ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்கு ஏறுகிற ஆள் சாயங்காலம் காய்ச்சலோடு இறங்குவார். சட்டைப்பையில் மேலே வாங்கிய பாதி ஸ்ட்ரிப் ஒன்று, வீட்டில் கீழே வாங்கிய பாதி ஸ்ட்ரிப் இன்னொன்று, மூன்றாம் நாள் அட்மிஷன், அங்கே ஊசி. எந்த மருந்து எத்தனை வேளை உள்ளே போனது என்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. 2024 தொடக்கத்தில் கேரளத்தில் ஆபரேஷன் அம்ரித் என்று சீட்டில்லாமல் ஆன்டிபயாட்டிக் விற்கிற கடைகளைப் பிடிக்க ஆரம்பித்தார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் சீட்டோடு வாங்கிய மருந்தே தப்பான அளவில், தப்பான இடைவெளியில் போனால் அதற்கு எந்த ரெய்டும் இல்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

பத்துப் பதினைந்து வருஷமாக மருத்துவமனை பார்மசியில் உட்கார்ந்து மருந்துச் சீட்டுகளைப் பார்க்கிறவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நாம் முதல் நாள் கஞ்சத்தனம் காட்டுகிறோம், பத்தாம் நாள் தாராளம் காட்டுகிறோம். இருக்க வேண்டியது நேர் எதிர். ஏன் என்பதற்கான விடை பார்மகோடைனமிக்ஸில் இருக்கிறது. உடம்பு மருந்தை என்ன செய்கிறது என்பது பார்மகோகைனடிக்ஸ், மருந்து கிருமியை என்ன செய்கிறது என்பது பார்மகோடைனமிக்ஸ். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் டோஸ் என்பதற்கு அர்த்தம் வரும்.

ஹவுஸ் சர்ஜன்கள், வார்டு சிஸ்டர்கள், பார்மசிஸ்டுகள் மனதில் வைத்து எழுதுகிறேன். நோயாளியின் வீட்டுக்காரர்கள் படித்தால் டாக்டரிடம் நல்ல கேள்வி கேட்கலாம். வீட்டில் டோஸ் மாற்ற இதைப் பயன்படுத்த வேண்டாம்.

முதல் படி: இது பாக்டீரியாவா, அப்படியானால் கல்ச்சர் எடுத்தாச்சா?

வைரஸ் காய்ச்சலுக்கும் டெங்குவுக்கும் எந்த டோஸ் கணக்கும் உதவாது, அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். பாக்டீரியா என்று நினைத்தால், முதல் டோஸுக்கு முன்னால் கல்ச்சர், அதாவது நோயாளியின் ரத்தம் மாதிரியான சாம்பிளில் உள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கிற சோதனை. ரத்தக் கல்ச்சர் என்றால் பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி ரத்தம், இரண்டு இடத்திலிருந்து. 3 மில்லி எடுத்து அனுப்பிவிட்டு "ஒண்ணும் வளரலை" என்று ரிப்போர்ட் வந்தால் லேபைக் குறை சொல்லிப் பயனில்லை. ஷாக்கில் இருக்கிற நோயாளிக்கு மட்டும் கல்ச்சருக்காக மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது, ஒரு மணி நேரத்துக்குள் ஊசி போக வேண்டும். அதற்குள் ரத்தம் எடுப்பது சிரமமான காரியமும் இல்லை.

இரண்டாம் படி: ரிப்போர்ட்டில் உள்ள எம்ஐசி எண்ணைப் படிப்பது

கிருமி வளர்வதைக் கண்ணுக்குத் தெரிகிற அளவில் நிறுத்துகிற மிகக் குறைந்த மருந்துச் செறிவுதான் எம்ஐசி. லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று வரும். சோதனைக் குழாய்களில் மருந்தை 0.25, 0.5, 1, 2, 4, 8 என்று இரட்டிப்பாக வைத்துப் பார்ப்பதால் ஒரு படி முன்னே பின்னே இருப்பது சகஜம். அதாவது 1 என்று வந்தது அடுத்த முறை 2 என்றும் வரலாம், கிருமி மாறிவிட்டதாக அர்த்தமில்லை. சின்ன லேப்களில் வட்டத் தட்டு முறைதான், அதில் எம்ஐசி வராது, எஸ் (மருந்துக்குப் பணியும்), ஐ (நடுத்தரம்), ஆர் (எதிர்க்கும்) என்ற எழுத்து மட்டும் வரும். அதை வைத்தும் வேலை நடக்கும், ஆனால் சீரியஸான நோயாளிக்கு எம்ஐசி கேட்டு வாங்குங்கள்.

எல்லோரும் வழுக்கி விழுகிற இடம் ஒன்று இங்கே உண்டு. ரிப்போர்ட்டில் எந்த மருந்துக்கு எண் குறைவோ அதுதான் பலமான மருந்து என்று எடுத்துக்கொள்வது. ஒரு ஈ.கோலை கிருமிக்கு சிப்ரோஃப்ளாக்சசின் 0.5, அமிகாசின் 4 என்று வருகிறது என்று வையுங்கள். எண்ணைப் பார்த்தால் சிப்ரோ எட்டு மடங்கு மேல் என்று தோன்றும். ஆனால் சிஎல்எஸ்ஐ என்ற அமெரிக்கத் தர அமைப்பின் வரம்புப்படி சிப்ரோவுக்கு 0.25 வரைதான் எஸ், 0.5 ஐ, 2023-இல் திருத்திய வரம்புப்படி அமிகாசின் 4 இன்னும் எஸ். காரணம், அமிகாசின் ஒரே டோஸில் ரத்தத்தில் லிட்டருக்கு 50, 60 மில்லிகிராம் வரை ஏறும், சிப்ரோ மாத்திரை 2, 3-ஐத் தாண்டுவதே கஷ்டம். எண்ணை எண்ணோடு ஒப்பிடாதீர்கள். ஒவ்வொரு மருந்தின் எண்ணையும் அந்த மருந்து உடம்பில் எட்டக்கூடிய உயரத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

"ஐ" என்ற எழுத்தையும் நிறையப் பேர் "ஆர் மாதிரிதான்" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஐரோப்பிய அமைப்பான யூகாஸ்ட் 2019-இலேயே அதன் அர்த்தத்தை மாற்றிவிட்டது: மருந்து வேலை செய்யும், ஆனால் கூடுதல் அளவு தேவை. சிஎல்எஸ்ஐ-யிலும் சில மருந்துகளுக்கு டோஸைப் பொறுத்து எஸ் என்று தனி வகை இருக்கிறது, செஃபெபிம் அதற்கு நல்ல உதாரணம். இதைத் தெரிந்துகொள்ளாவிட்டால் நாம் காரணமில்லாமல் அடுத்த பெரிய மருந்துக்கு, பெரும்பாலும் மெரோபெனத்துக்கு, ஏறிவிடுவோம்.

மூன்றாம் படி: இந்த மருந்து எதைப் பார்த்துக் கொல்கிறது?

மொத்தக் கட்டுரையும் இந்தப் படியில்தான் நிற்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் போவோம். ஆன்டிபயாட்டிக்குகள் மூன்று விதமாக வேலை செய்கின்றன. ஒரு வகைக்கு எம்ஐசிக்கு மேலே எவ்வளவு நேரம் இருந்தது என்பதே முக்கியம். இன்னொன்றுக்கு ரத்தத்தில் மருந்து எட்டிய உச்சம் எம்ஐசியைப் போல எத்தனை மடங்கு போனது என்பது. மூன்றாவதற்கு 24 மணி நேரத்தில் கிருமி பார்த்த மொத்த மருந்து, அதாவது செறிவுக் கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பு, ஏயூசி. பென்சிலின் நேரத்தைப் பொறுத்து வேலை செய்கிறது என்பதை ஹாரி ஈகிள் 1940-50களிலேயே காட்டிவிட்டார். அப்புறம் விஸ்கான்சினில் வில்லியம் கிரெய்க் எலிகளின் தொடையில் தொற்று உண்டாக்கி, ஒரே மொத்த அளவை வெவ்வேறு இடைவெளியில் கொடுத்துப் பார்த்து ஒவ்வொரு மருந்துக்கும் எந்தக் கணக்கு என்று பிரித்தார். நாம் இன்று பயன்படுத்துகிற இலக்குகளில் பல அந்த எலிகளிடமிருந்து வந்தவைதான்.

நேரம் பார்க்கிற மருந்துகள்: பென்சிலின், செஃபலோஸ்போரின், கார்பபெனம் எல்லாமே, மொத்தத்தில் பீட்டா லாக்டம் குடும்பம். எம்ஐசியைப் போல நான்கைந்து மடங்கு ஏறிய பிறகு இன்னும் ஏற்றினாலும் கொல்லும் வேகம் கூடாது. இரண்டு டோஸுக்கு நடுவில் உள்ள நேரத்தில் எத்தனை சதவீதம் எம்ஐசிக்கு மேலே இருந்தது என்பதுதான் கேள்வி. கார்பபெனத்துக்கு சுமார் 40 சதவீதம், பென்சிலினுக்கு 50, செஃபலோஸ்போரினுக்கு 60 முதல் 70. ஐசியூ நோயாளிக்கு பலரும் 100 சதவீதத்தைக் குறி வைக்கிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் மனதில் நிற்கும். அரை ஆயுள் 1 மணி நேரம் உள்ள ஒரு மருந்து, 8 மணி நேரத்துக்கு ஒரு தரம், உச்சம் 64, கிருமியின் எம்ஐசி 4. மணிக்கு மணி பாதியாகும்: 64, 32, 16, 8, 4. ஆக 4 மணி நேரம் மேலே இருந்தது, 8-க்கு 4, ஐம்பது சதவீதம். சரி, போதவில்லை என்று டோஸை இரட்டிப்பாக்குகிறோம். உச்சம் 128. அதனால் கிடைப்பது இன்னும் ஒரே ஒரு மணி நேரம். மருந்துச் செலவு இரண்டு மடங்கு, பலன் 50-இலிருந்து 62.5 சதவீதம். இப்போது டோஸைக் கூட்டாமல், அதே பழைய டோஸை இரண்டாகப் பிரித்து 4 மணிக்கு ஒரு தரம் கொடுங்கள். உச்சம் 32, மேலே இருக்கும் நேரம் 3 மணி, 4-க்கு 3, எழுபத்தைந்து சதவீதம். காசு கூடவில்லை, மருந்து கூடவில்லை.

நாலு மணிக்கு ஒரு தரம் ஊசி போட நம் வார்டில் எத்தனை சிஸ்டர் இருக்கிறார்கள் என்று கேட்பீர்கள். அதற்குத்தான் மெதுவாக ஏற்றும் முறை. மெரோபெனம் 1 கிராம் 8 மணிக்கு ஒரு தரம், அரை மணியில் ஏற்றி முடிக்காமல் 3 மணி நேரத்தில் ஏற்றுவது. பிப்பராசிலின்-டாசோபாக்டம் 4 மணி நேரத்தில். முதல் டோஸை மட்டும் வேகமாக, அரை மணியில் விட்டுவிட்டு அடுத்ததிலிருந்து மெதுவாக. 2024-இல் வந்த பிளிங் 3 என்ற ஆய்வில், சுமார் 7,000 ஐசியூ நோயாளிகளில், தொடர்ந்து ஏற்றியவர்களில் 90 நாளில் இறந்தவர்கள் 24.9 சதவீதம், விட்டு விட்டுக் கொடுத்தவர்களில் 26.8. அந்த ஒரு ஆய்வில் வித்தியாசம் புள்ளியியல் வரம்பைத் தாண்டவில்லை, ஆனால் அதே சமயம் வெளிவந்த தொகுப்பாய்வில் தொடர்ந்து ஏற்றுவதற்கே சாதகமாக முடிவு வந்தது. என் கணக்குப்படி, செலவே கூடாத ஒரு விஷயத்துக்கு இவ்வளவு ஆதாரம் தாராளம்.

செய்யும்போது இரண்டு இடத்தில் கவனம். ஒன்று, 100 மில்லி பையில் கலந்து விட்டால் டியூபில் மட்டும் 15, 20 மில்லி நின்றுவிடும். பை காலியானதும் கழற்றிப் போட்டால் டோஸில் ஐந்தில் ஒரு பங்கு குப்பைத்தொட்டிக்குப் போனது. கொஞ்சம் சலைன் விட்டுத் தள்ளிவிட வேண்டும். இரண்டு, மெரோபெனம் கலந்த பிறகு சூட்டில் சீக்கிரம் கெடும். சித்திரை மாதம் கம்பம் பள்ளத்தாக்கில் ஏசி இல்லாத வார்டில் காலையிலேயே ஒரு நாளைக்கான மூன்று டோஸையும் கலந்து வைப்பது வேலையை மிச்சப்படுத்துவது போலத் தெரியும், மருந்தை மிச்சம் வைக்காது. ஒவ்வொரு டோஸையும் அப்போதைக்கப்போது கலக்கவும்.

செஃப்ட்ரியாக்சோன் இந்தக் குடும்பத்தில் ஒரு விலக்கு, அரை ஆயுள் சுமார் 8 மணி நேரம், அதனால் பெரும்பாலான தொற்றுக்கு நாளைக்கு ஒரு தரம் போதும். 1 கிராம் இரண்டு வேளை என்று எல்லாச் சீட்டிலும் எழுதுவது பழக்கம்தான், காரணம் அல்ல. மெனிஞ்சைட்டிஸ் (மூளைச் சவ்வில் தொற்று) என்றால் வேறு கதை, 2 கிராம் 12 மணிக்கு ஒரு தரம். அதேபோல அமாக்சிசிலின்-கிளாவுலனேட் 625 இரண்டு வேளை என்பதும் பழக்கம். அமாக்சிசிலினின் அரை ஆயுள் ஒரு மணி நேரம்தான். எம்ஐசி ரொம்பக் குறைவாக இருக்கிற கிருமிக்கு இரண்டு வேளை தாங்கும், வரம்பை ஒட்டி இருந்தால் 12 மணி இடைவெளியில் பாதி நாள் கிருமி நிம்மதியாக இருக்கும். மூன்று வேளை எழுதுங்கள்.

உச்சம் பார்க்கிற மருந்துகள்: ஜென்டாமைசின், அமிகாசின். இங்கே எல்லாமே தலைகீழ். உச்சம் எம்ஐசியைப் போல 8 முதல் 10 மடங்கு போக வேண்டும். 60 கிலோ ஆள், மருந்து பரவும் கொள்ளளவு சுமார் 15 லிட்டர். காலங்காலமாக நடக்கும் "ஜென்டா 80 மில்லிகிராம்" கொடுத்தால் உச்சம் 80-ஐ 15-ஆல் வகுக்க, 5-ஐச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். எம்ஐசி 2 என்றால் இரண்டரை மடங்கு. அதே ஆளுக்கு கிலோவுக்கு 5 மில்லிகிராம், 300 மில்லிகிராம் ஒரே டோஸாக விட்டால் உச்சம் 20, பத்து மடங்கு. "அவ்வளவு கொடுத்தால் கிட்னி போகாதா?" என்பதுதான் அடுத்த கேள்வி. சிறுநீரகமும் உள்காதும் இந்த மருந்தை உறிஞ்சுவதற்கு ஒரு எல்லை இருக்கிறது; ஒரே தடவை உயரமாகப் போய் முழுதாக இறங்குவதைவிட, நாள் முழுக்கச் சின்னச் சின்னதாக இருந்துகொண்டே இருப்பதில்தான் அதிகம் சேரும். செறிவு இறங்கிய பிறகும் சில மணி நேரம் கிருமி எழ முடியாமல் கிடக்கும், அதனால் இடைவெளி விட்டாலும் நஷ்டமில்லை. நாளைக்கு ஒரு தரம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியேட்டினினைப் பார்த்து இடைவெளியை நீட்டலாம், உச்சத்தைக் குறைக்காதீர்கள். இதய வால்வுத் தொற்று மாதிரியான சில இடங்களில் மட்டும் பிரித்துக் கொடுப்பது உண்டு.

பரப்பு பார்க்கிற மருந்துகள்: லெவோஃப்ளாக்சசின், சிப்ரோ, வான்கோமைசின், லினசோலிட், அசித்ரோமைசின், டாக்சிசைக்ளின். ஈ.கோலை மாதிரியான கிராம் நெகட்டிவ் கிருமிகளுக்கு ஃப்ளூரோகுயினோலோனின் (சிப்ரோ, லெவோ குடும்பம்) ஏயூசி எம்ஐசியைப் போல 125 மடங்கு வேண்டும் என்பது 1993-இல் சிப்ரோ ஆய்வில் வந்த இலக்கு. லெவோ 500 ஒரு நாளில் தருவது சுமார் 50, 750 தருவது சுமார் 90 முதல் 100. எம்ஐசி 0.5 என்றால் 500-க்கு 100 மடங்குதான், 750-க்கு 180-ஐத் தாண்டும். எம்ஐசி 2 ஆனால் இரண்டுமே கதைக்கு ஆகாது. இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இருமலோடு வருகிறவருக்குக் காசநோய் இல்லை என்று உறுதியாகும் வரை லெவோ எழுதாமல் இருப்பது நல்லது. காசநோயைப் பாதி அமுக்கி, கண்டுபிடிப்பதைத் தள்ளிப்போட்டு, அந்த மருந்துக்கே எதிர்ப்பையும் உண்டாக்கிவிடும்.

வான்கோமைசினுக்கு 2020 வழிகாட்டுதல் அடுத்த டோஸுக்குச் சற்று முன்னால் உள்ள குறைந்தபட்ச அளவு (டிரஃப்) 15-20 என்ற பழைய கணக்கைக் கைவிட்டு, எம்ஐசி 1 என்று வைத்து ஏயூசி 400 முதல் 600 என்று சொல்கிறது. 600-க்கு மேல் போனால் சிறுநீரகம் பாதிக்கும் வாய்ப்பு கூடுகிறது. கணக்கு எளிது, ஒரு நாள் மொத்த டோஸை மருந்து வெளியேறும் வேகத்தால் வகுக்க வேண்டும்: 2,000 மில்லிகிராம், மணிக்கு 4 லிட்டர் என்றால் 500. வெளியேறும் வேகத்தைக் கண்டுபிடிக்க இரண்டு தடவை ரத்த அளவு பார்த்தால் போதும். எங்கள் பக்கத்துச் சின்ன ஊர்களில் அளவு பார்க்கும் வசதி குறைவு. அப்படிப்பட்ட இடத்தில் ஏழு நாளுக்கு மேல் வான்கோ ஓடப்போகிறது என்றால் தேனிக்கோ மதுரைக்கோ சாம்பிள் அனுப்ப முடியுமா என்று முதல் நாளே யோசித்துவிடுங்கள்.

நான்காம் படி: எதிரில் படுத்திருக்கிற ஆள்

ஒரே கிரியேட்டினின் எண்ணை வைத்து இரண்டு தப்பு செய்யலாம். ஜீப்பிலிருந்து விழுந்து அடிபட்டு ஐசியூவில் இருக்கிற 24 வயதுப் பையன், 55 கிலோ, கிரியேட்டினின் 0.6. எல்லோருக்கும் சந்தோஷம். காக்ராஃப்ட்-கால்ட் சூத்திரத்தில் போடுங்கள்: 140-இலிருந்து 24 கழித்தால் 116, அதை 55-ஆல் பெருக்கி, 72-ஐ 0.6-ஆல் பெருக்கி வருவதால் வகுத்தால் நிமிஷத்துக்கு சுமார் 148 மில்லி. 130-க்கு மேல் போனாலே சிறுநீரகம் மருந்தை அதிவேகமாக வெளியேற்றுகிறது என்று அர்த்தம். புத்தக டோஸ் இவருக்குப் போதாது, இடைவெளியைக் குறைக்க வேண்டும் அல்லது மெதுவாக ஏற்ற வேண்டும். அடுத்த படுக்கையில் 70 வயதுப் பாட்டி, 40 கிலோ, கிரியேட்டினின் 0.9, லேப் ரிப்போர்ட்டில் நார்மல். பெண் என்பதால் 0.85-ஆலும் பெருக்கிக் கணக்குப் போட்டால் 37 மில்லி. தசையே இல்லாத உடம்பில் கிரியேட்டினின் எங்கிருந்து வரும்? இந்தப் பாட்டிக்கு முழு டோஸ் அமிகாசின் தினமும் போட்டால் காதும் போகலாம், சிறுநீரகமும் போகலாம்.

செப்சிஸ் (தொற்றால் உடம்பு முழுக்கப் பாதிக்கப்பட்ட நிலை) வந்த உடம்பில் ரத்தக் குழாய் கசிந்து, நாமும் லிட்டர் கணக்கில் சலைன் ஏற்றி, தண்ணீர் அதிகமாகிவிடும். பீட்டா லாக்டம், அமிகாசின், வான்கோ எல்லாம் தண்ணீரில் பரவுகிற மருந்துகள், ஆகவே நீர்த்துப்போகும். அதனால் முதல் டோஸ் எப்போதும் முழு டோஸ். சிறுநீரகம் கெட்டிருந்தாலும் முதல் டோஸைக் குறைக்க வேண்டியதில்லை, ஏனென்றால் முதல் டோஸ் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது பரவும் கொள்ளளவு. வெளியேறும் வேகம் அடுத்த டோஸ்களைத்தான் தீர்மானிக்கிறது. கிரியேட்டினின் 2.5 என்று பார்த்தவுடன் மெரோபெனத்தை 500 ஆக்கிவிடுகிற வழக்கம் நிறைய இடத்தில் இருக்கிறது. செப்சிஸில் வந்த சிறுநீரகக் கோளாறு பாதிப் பேருக்கு ஒன்றிரண்டு நாளில் திரும்பிவிடும், நாம் குறைத்த டோஸ் திரும்பாமல் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். மெரோபெனம் போன்ற பாதுகாப்பான மருந்துக்கு முதல் 24 முதல் 48 மணி நேரம் முழு அளவில் போய்விட்டுப் பிறகு குறைப்பதில் தவறில்லை.

ஐந்தாம் படி: மருந்து அந்த இடத்துக்குப் போகுமா?

ரத்தத்தில் இருந்து பயனில்லை, தொற்று இருக்கிற இடத்தில் இருக்க வேண்டும். அதிலும் புரதத்தோடு ஒட்டிக்கொண்ட மருந்து கணக்கில் சேராது. செஃப்ட்ரியாக்சோனில் பத்தில் ஒன்பது பங்கு அப்படி ஒட்டிக்கொண்டிருக்கும். டாப்டோமைசின் நுரையீரலின் காற்றறைகளைப் பூசியிருக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற பொருளோடு சேர்ந்து செயலிழந்துவிடும், எனவே நிமோனியாவுக்கு ஆகாது. நைட்ரோஃபுரான்டாயின் சிறுநீர்ப்பையோடு சரி, காய்ச்சல் நடுக்கத்தோடு வருகிற சிறுநீரகத் தொற்றுக்குக் கொடுக்கக் கூடாது. சீழ்க்கட்டிக்குள் அமிகாசின் வேலை செய்யாது. கட்டியைக் கீறி வடித்தால்தான் எந்த மருந்துக்கும் மரியாதை.

மலையோரத்துக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது ஸ்க்ரப் டைபஸ். தோட்டத்திலும் புதரிலும் வேலை செய்கிறவருக்கு ஐந்தாறு நாள் காய்ச்சல், இடுப்பு மடிப்பிலோ அக்குளிலோ சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கருப்புப் பொருக்கு. செஃப்ட்ரியாக்சோன் நான்கு நாள் ஓடியிருக்கும், காய்ச்சல் இறங்கியிருக்காது. மருந்து கெட்டது என்றோ எதிர்ப்பு வந்துவிட்டது என்றோ நினைத்து மெரோபெனத்துக்குப் போகிறார்கள். அந்தக் கிருமி செல்லுக்கு உள்ளே உட்கார்ந்திருக்கிறது, பீட்டா லாக்டம் செல்லுக்குள் சரியாகப் போகாது, போனாலும் அது உடைக்கிற மாதிரியான சுவர் அந்தக் கிருமிக்கு இல்லை. டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும் செல்லுக்குள் போய்ச் சேர்கிறவை. தீவிர ஸ்க்ரப் டைபஸில் இரண்டையும் ஊசியாகச் சேர்த்துக் கொடுப்பது தனித்தனியாகக் கொடுப்பதைவிட நல்லது என்று வேலூர் சிஎம்சி முன்னின்று நடத்திய ஆய்வு 2023-இல் காட்டியது. சாதாரண கேஸுக்கு டாக்சி 100 மில்லிகிராம் இரண்டு வேளை. உடம்பைத் தலை முதல் கால் வரை பார்க்காமல் மெரோபெனம் தொடங்குவதைப் போலச் செலவு வைக்கிற சோம்பேறித்தனம் வேறில்லை.

டாக்சி, சிப்ரோ, லெவோ மாத்திரைகளுக்கு இன்னொரு எதிரி பால் டீ. கால்சியம், இரும்பு, ஜெலுசில் மாதிரியான வயிற்று மருந்து எல்லாம் இந்த மருந்துகளைக் குடலிலேயே கட்டிப்போட்டுவிடும். தோட்ட வேலைக்குப் போகிற பெண்களுக்கு ரத்தசோகைக்காக இரும்பு மாத்திரை ஓடிக்கொண்டிருக்கும், மாத்திரை எல்லாவற்றையும் காலையில் ஒரே வாயில் போட்டு டீ குடித்துவிட்டு ஜீப் ஏறுவார்கள். ஏயூசி எங்கே வரும்? ஆன்டிபயாட்டிக் வெறும் தண்ணீரோடு, இரும்பு மாத்திரை ராத்திரி. டாக்சி என்றால் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் குடித்து, உடனே படுக்காமல் இருக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும்.

ஆறாம் படி: எதிர்ப்பு எங்கே பிறக்கிறது?

ஒரு கடுமையான தொற்றில் 100 கோடி கிருமிகள் இருக்கலாம். அதில் 10 கோடிக்கு ஒன்று தற்செயலாக மாறியிருந்தால், நீங்கள் மருந்தைத் தொடங்குவதற்கு முன்பே பத்துக் கிருமி எதிர்ப்போடு உள்ளே இருக்கிறது. மருந்து அவற்றை உண்டாக்குவதில்லை, பொறுக்கி எடுக்கிறது. செறிவு சாதாரணக் கிருமியின் எம்ஐசிக்கு மேலே, ஆனால் மாறிய கிருமியின் எம்ஐசிக்குக் கீழே இருந்தால், சாதாரணக் கிருமி செத்து அந்தப் பத்துக்கு இடமும் சாப்பாடும் கிடைக்கிறது. இந்த நடுப்பகுதியைத்தான் டிரிலிக்காவும் ஜாவோவும் மியூட்டன்ட் செலக்‌ஷன் விண்டோ என்று விவரித்தார்கள். செறிவு அதற்கு மேலே போய்விட்டால் பத்தும் சாகும், அதற்குக் கீழேயே இருந்தால் யாரும் சாகப்போவதில்லை. நடுவில் எவ்வளவு நேரம் நிற்கிறோம் என்பதுதான் ஆபத்து. போதாத அளவு பென்சிலின் கொடுத்தால் கிருமி பழகிவிடும் என்று அலெக்சாண்டர் ஃப்ளெமிங் 1945-இல் நோபல் உரையிலேயே எச்சரித்தார், அப்போது அந்த மருந்து வெளியே வந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது.

இதை வைத்துப் பார்த்தால் அரை டோஸ் என்பது பாதிப் பாதுகாப்பு இல்லை. அரை டோஸ் கொடுத்த நாளில் கிருமி முழு நேரமும் அந்த நடுப்பகுதியிலேயே இருக்கலாம். அசித்ரோமைசின் விஷயமும் இங்கேதான் வருகிறது. அரை ஆயுள் சுமார் 68 மணி நேரம், மூன்று நாள் மாத்திரை போட்டு நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக உடம்பில் இருக்கும், தொண்டையிலும் குடலிலும் உள்ள கிருமிகள் அத்தனை நாளும் குறைந்த அளவு மருந்தில் ஊறிக்கொண்டிருக்கும். சளி பிடித்தவுடன் கடையில் வாங்குகிற முதல் மாத்திரை நம் ஊரில் பெரும்பாலும் இதுதான் என்பது கவலைப்பட வேண்டிய விஷயம்.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உயர்ந்த செறிவு தொற்று இருக்கிற இடத்தில் உள்ள கிருமிக்கு சரி; ஆனால் குடலில் உள்ள கோடானுகோடி அப்பாவிக் கிருமிகளும் அதே மருந்தைப் பார்க்கின்றன. அங்கே எதிர்ப்பைக் குறைப்பது டோஸ் அல்ல, நாட்களின் எண்ணிக்கை. நான் ஆரம்பத்தில் சொன்ன கஞ்சத்தனம், தாராளம் இரண்டும் இங்கேதான் மோதுகின்றன: கடுமையாகத் தொடங்கு, சீக்கிரம் நிறுத்து.

ஏழாம் படி: 48 மணி நேரத்தில் மறுபடி உட்கார்ந்து யோசிப்பது

கல்ச்சர் வந்ததா, காய்ச்சல் இறங்கியதா, ரத்த அழுத்தம் நிற்கிறதா? ரிப்போர்ட்டில் சின்ன மருந்துக்கு எஸ் இருந்தால் பெரியதை நிறுத்திவிட்டு அதற்கு இறங்குங்கள். "நல்லா இருக்காரே, ஏன் மாத்தணும்" என்பது வார்டில் அடிக்கடி கேட்கிற வசனம். நல்லா இருப்பதால்தான் மாற்றுகிறோம். வாய் வழியாகச் சாப்பிட முடிந்தால் மாத்திரைக்கு மாற்றுவதையும் இப்போதே யோசிக்கலாம்: லெவோ, லினசோலிட், மெட்ரோனிடசோல், டாக்சி, கோட்ரைமாக்சசோல் எல்லாம் வாயில் போட்டாலும் கிட்டத்தட்ட முழுதாக ரத்தத்துக்குப் போகிறவை. செஃபிக்சிம் அப்படியில்லை, பாதிகூடச் சேராது. செஃப்ட்ரியாக்சோன் ஊசியை செஃபிக்சிமாக மாற்றுவது சமமான மாற்றம் என்று நினைத்து டிஸ்சார்ஜ் எழுதுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

உங்கள் பக்கத்துக் கிருமிகள் எந்த மருந்துக்கு எவ்வளவு பணிகின்றன என்ற ஆன்டிபயோகிராம் கையில் இருந்தால் இந்த முடிவெல்லாம் சுலபம். கேரளம் 2018-இல் மருந்து எதிர்ப்பைச் சமாளிக்க கார்சாப் என்ற செயல்திட்டத்தைத் தொடங்கி மாநில அளவில் அதை வெளியிடுகிறது, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரும் தேசிய அளவில் வெளியிடுகிறது. குமுளிக்கும் கம்பத்துக்கும் நடுவே கிருமிக்கு செக்போஸ்ட் கிடையாது, ஆகவே இரண்டையும் பார்க்கலாம்.

எட்டாம் படி: எப்போது நிறுத்துவது

எழுதும் அன்றே நிறுத்தும் தேதியையும் எழுதுங்கள். சாதாரண நிமோனியா, மூன்றாம் நாளுக்குள் தெளிந்துவிட்டால் 5 நாள். வென்டிலேட்டரில் வந்த நிமோனியாவுக்கு 8 நாளும் 15 நாளும் ஒப்பிட்டது 2003-இல், 8 போதும் என்று வந்தது. வயிற்றுக்குள் சீழ், அறுவை சிகிச்சையில் சுத்தமாக வடித்தாகிவிட்டது என்றால் 4 நாள், இது 2015 ஆய்வு. ரத்தத்தில் கிருமி இருந்தவர்களிலேயே 7 நாளும் 14 நாளும் ஒன்றுதான் என்று 3,600-க்கும் மேற்பட்டவர்களை வைத்து பேலன்ஸ் ஆய்வு 2024-இல் காட்டியது. அந்த ஆய்வில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் சேர்க்கப்படவில்லை; அதற்குக் குறைந்தது 14 நாள், இதய வால்வில் இருந்தால் 4 முதல் 6 வாரம். எலும்புக்கும் அப்படியே வாரக்கணக்கு. காசநோய் முற்றிலும் வேறு, அங்கே மெதுவாக வளர்கிற கிருமிக்கு ஒரே சமயத்தில் பல மருந்து, ஆறு மாதம், ஒரு நாள்கூட விடக் கூடாது. "கோர்ஸை முடிங்க" என்று எல்லா மருந்துக்கும் ஒரே வாக்கியம் சொல்வதைவிட, "இந்தத் தேதி வரைக்கும், அதுக்கு மேல வேண்டாம்" என்று சொல்வது பொருத்தம்.

டிஸ்சார்ஜ் சீட்டில் ஐந்து விஷயம் இருக்கட்டும்: மருந்தின் மூலப்பெயர், எத்தனை மில்லிகிராம் எத்தனை மணிக்கு ஒரு தரம், தொடங்கிய தேதி, முடிக்கும் தேதி, கல்ச்சரில் வந்த கிருமியும் எம்ஐசியும். கம்பெனிப் பெயர் மட்டும் எழுதினால் மேலே கேரளத்துக் கட்டப்பனையில் இருக்கிற டாக்டருக்கு அது என்ன மருந்து என்றே தெரியாமல் போகலாம். செஃபிக்சிம், லெவோ, மெரோபெனம் எல்லாம் 2014 மார்ச் முதல் ஷெட்யூல் எச்1 என்ற, சீட்டோடு மட்டுமே விற்க வேண்டிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன, கடைக்காரர் நோயாளி பெயரோடும் டாக்டர் பெயரோடும் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். நோயாளி சீட்டைத் தொலைத்துவிட்டு வந்தாலும் அந்தக் கடையில் கேட்டால் என்ன வாங்கினார், எத்தனை மாத்திரை என்று தெரிந்துவிடும். மிச்ச மாத்திரையைக் கையோடு கொண்டு வரச் சொல்லி, எண்ணிப் பார்த்துவிட்டு அப்புறம் அடுத்த டோஸை எழுதுங்கள்.